மாதிரிக் கப்பலும் மெய்க் கப்பலும்

கப்பலைக் கட்டுமுன் அதற்கு எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்றறிய, சிறு மாதிரியை நீர்த்தொட்டியில் இழுத்துப் பார்க்கிறோம். வில்லியம் புரூட் 1872-இல் இங்கிலாந்தின் டார்கீ நகரில் தொடங்கிய முறை இது. 25-இல் ஒரு பங்கு நீளமுள்ள மாதிரியை 5-இல் ஒரு பங்கு வேகத்தில் இழுத்தால், அலைகள் அதே வடிவில் எழுகின்றன. நீரின் உராய்வோ இவ்விகிதத்துக்குக் கட்டுப்படுவதில்லை. அதைத் தனியே கணக்கிட வேண்டும். ஐயம் புகுவது அங்கேதான்.

1950-ஐ ஒட்டி, 'லூசி ஆஷ்டன்' என்னும் பழைய ஸ்காத்லாந்துக் கப்பலின் துடுப்புச் சக்கரங்களை நீக்கி, ஜெட் எஞ்சின்களைப் பொருத்தி ஓட்டினார்கள். விந்தையான காட்சிதான்! நீரைக் கலக்குவது ஏதும் இல்லாமையால் தடையை நேரே அளக்க முடிந்தது. தகடுகளின் இணைப்பு மேடும் பூசிய வர்ணமும்கூடக் கணக்கை மாற்றின. ஆகவே, கண்ட திறனோடு அனுபவத்தால் ஒரு பங்கு கூட்டுகிறோம். அது குறைந்தால் கப்பல் ஒப்பந்த வேகத்தை எட்டாது. மிகுந்தால் ஆயுள் முழுதும் வீண் பாரம் சுமக்கும்.