கோலப்புள்ளியில் இருந்த கணக்கு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

மேடையில் பேசுவது எனக்கு இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

என்னைப் பிள்ளைகளுக்குக் கணக்கு விளையாட்டு சொல்லித் தருவது பற்றிப் பேசச் சொன்னாங்க. எங்க குழுவுல இருக்கறவங்க இதைக் கேட்டுச் சிரிச்சிருப்பாங்க. ஏன்னா, மூணு வருஷத்துக்கு முன்னாடி என்னைப் பிரதிநிதியா இருக்கச் சொன்னப்ப, "கணக்குப் புத்தகம் எழுதணும்னா நான் வரலை"ன்னு ஒதுங்கினவ நான். பத்தாம் வகுப்புல கணக்குல 37 மார்க். அதோட படிப்பு நின்னுச்சு.

எங்க அம்மா அப்படி இல்லை. 1991, 92-ல் நம்ம மாவட்டத்துல ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டரா இருந்தப்போ அறிவொளி இயக்கம் நடந்துச்சே, அதுல ராத்திரி வகுப்புல கையெழுத்துப் போடவும், கூடவே சைக்கிள் விடவும் கத்துக்கிட்டவங்க. கைக்குழந்தையா இருந்த என்னைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போவாங்களாம்.

போன வருஷம் ஒருநாள் அரிசி எடுக்கப் போனா, அரிசித் தூக்குக்கு அடியில ஒரு பரீட்சைத் தாள் கெடக்கு. ஏழாவது படிக்கிற எம்பொண்ணோடது. கணக்கு, 50-க்கு 11. கேட்டதுக்கு அழுகல, கோபப்படல. "உனக்கே வராதுன்னு நீதானேம்மா எல்லார்கிட்டயும் சொல்ற, எனக்கு மட்டும் எப்படி வரும்"னு சொன்னா. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அவ சொன்னது சரிதானே. நான்தான் அதைச் சொல்லிச் சொல்லி அவ தலையில ஏத்தி வச்சிருக்கேன்.

எனக்குத் தெரிஞ்சது கோலம் ஒண்ணுதான். அதனால அதுலயே ஆரம்பிச்சோம். ஏழு புள்ளி, ஒண்ணுல முடியற நேர்ப்புள்ளி நமக்கெல்லாம் தெரியும். 1, 3, 5, 7, 5, 3, 1. அதைத் திண்ணையில புளியங்கொட்டையால வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு வரிசையிலயும் முதல்ல புளியங்கொட்டை, அடுத்தது சோளம், மறுபடி புளியங்கொட்டைன்னு மாத்தி மாத்தி வைக்கணும். வச்சு முடிச்சிட்டுத் தலையைச் சாய்ச்சுப் பாத்தா, புளியங்கொட்டை நாலுக்கு நாலு சதுரமா 16 நிக்குது. நடுவுல சோளம் மூணுக்கு மூணு, 9. மொத்தம் 25. அதை அள்ளி வரிசையா அடுக்கினா ஐஞ்சுக்கு ஐஞ்சு சதுரம்! ரெண்டு சதுரம் சேந்து ஒரு பெரிய சதுரம்.

அஞ்சு புள்ளிக்கும் இப்படி வருமான்னு அவளே வச்சுப் பாத்தா. 13 வந்துச்சு, சதுரம் அமையல. ஒன்பது புள்ளிக்கு 41, அதுவும் அமையல. "ஏழுக்கு மட்டும் ஏன்?"னு கேட்டா பாருங்க, அவ கணக்குல கேட்ட முதல் கேள்வி அதுதான். எனக்குப் பதில் தெரியல.

வீட்டுக்காரர் கொத்தனார். வேலை முடிஞ்சு வந்தவர், கை காலு கழுவாம நின்னு பாத்துட்டு, "இது நம்ம மூலை மட்டமுல்ல"ன்னாரு. வாணம் தோண்டறதுக்கு முன்னாடி நூல் கட்டுவாங்களே, ஒரு பக்கம் மூணு அடி, ஒரு பக்கம் நாலு அடி அளந்து குறி வச்சு, குறுக்கே சரியா அஞ்சு அடி இருந்தா மூலை நேரா இருக்கு. அஞ்சுக்குக் கொறஞ்சாலும் கூடினாலும் சுவர் கோணிக்கும். வாசல்ல நூல் கட்டி அளந்து காட்டினாரு. பாடப் புத்தகத்துல பிதாகரஸ் தேற்றம்னு போட்டிருக்கறது இதுதான். நான் அதை மனப்பாடம் பண்ணித்தான் பாஸானேன், ஒரு சுவத்தோட சேத்துப் பாத்ததில்லை.

அப்புறம் தெருப் பிள்ளைங்களும் சாயங்காலம் வர ஆரம்பிச்சாங்க. சிக்குக் கோலம் போட்டோம். வரிசைக்கு நாலு புள்ளியா மூணு வரிசை வச்சு, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையில எல்லா இடத்திலும் கோடு குறுக்கே போற மாதிரி இழுத்தா, ஒரே கோட்டுல முடிஞ்சிடும். மூணுக்கு மூணு வச்சா மூணு கோடு வேணும். நாலுக்கு ஆறு வச்சா ரெண்டு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கலர்ப் பொடி கொடுத்துட்டா தெளிவாத் தெரியும். எத்தனை கோடு வேணும்னு போடறதுக்கு முன்னாடியே சொல்ல முடியும்: ரெண்டு எண்ணோட மீப்பெரு பொதுக் காரணிதான் அது. நாம வாசல்ல போடறதை 1974-லயே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணின்னு தாம்பரம் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர்கள் கம்ப்யூட்டர் கணக்குக்கு எடுத்து ஆராய்ச்சி எழுதியிருக்காங்க. விடிகாலை சாணி தெளிச்சுட்டுக் குனியறப்ப நமக்கு அதெல்லாம் எங்க தெரியுது!

எல்லாம் மாறிடுச்சுன்னு சொல்ல வரலை. கடைசிப் பரீட்சையில 50-க்கு 26. வகுத்தல்ல இன்னும் தடுமாறுறா. ஆனா தாளைக் கொண்டாந்து எங்கிட்ட நேரா நீட்டினா.

ரெண்டு மாசமா எங்க குழுவோட சேமிப்புப் புத்தகத்தை நான்தான் எழுதறேன். போன மாசம் கூட்டல்ல 50 ரூபாய் விட்டுட்டேன். கண்டுபிடிச்சது அவதான்.

புளியங்கொட்டை நம்ம வீட்டுல மீந்துதான் கெடக்கும். யார் வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க திண்ணைக்கு அனுப்பி வைங்க.