முதலில் அவை



நான் கோவையில் பம்ப்செட் தொழில் செய்பவன். நிர்வாகவியல் முடித்து இன்று பட்டம் பெறும் உங்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போவீர்கள். கொஞ்சம் பேர் அப்பாவின் மில்லுக்கோ மாமாவின் ஃபவுண்டரிக்கோ போவீர்கள். ஓரிருவர் சொந்தமாகவே எதையாவது தொடங்குவீர்கள். முதலாளி நாற்காலியில் உட்காரப்போகிற அந்தக் கொஞ்சம் பேரிடம்தான் இன்றைக்கு அதிகம் பேசப்போகிறேன். மற்றவர்களும் கேட்டு வையுங்கள்.

முதலாளி ஆன பிறகு வாயை மூடிக்கொண்டு தொழில் செய்ய வழியில்லை. கடன் லிமிட்டை உயர்த்தித் தரச் சொல்லி வங்கியில் பேச வேண்டும். டீலர் மீட்டிங்கில் பேச வேண்டும். ஆயுத பூஜையன்று தொழிலாளர்கள் முன்னால் நாலு வார்த்தை பேச வேண்டும். இதற்கெல்லாம் தைரியம் வேண்டும், அதை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று நிறையப் பேர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். தைரியத்துக்குக் கொஞ்சமும் குறைவில்லாத ஒருவருக்கு என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜெரால்ட் ராட்னர், இங்கிலாந்துக்காரர். அப்பாவின் நகைக்கடைத் தொழிலுக்குள் வந்து, 1980களில் எச். சாமுவேல், எர்னஸ்ட் ஜோன்ஸ் என்று பேர்போன கடைகளையெல்லாம் வாங்கிச் சேர்த்து, உலகின் பெரிய நகை வியாபாரிகளில் ஒருவரானார். கையில் இருக்கும் காசுக்குத் தோடும் மோதிரமும் வாங்க நினைப்பவர்கள் தயங்காமல் நுழையும் கடை ராட்னர்ஸ். 1991 ஏப்ரல் 23 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், நிறுவன இயக்குநர்கள் அமைப்பின் மாநாட்டில் பேச எழுந்தார். எதிரே ஆயிரக்கணக்கான தொழிலதிபர்கள், பத்திரிகையாளர்கள். தன் கடையில் ஷெர்ரி மதுக் குடுவை ஒன்றை ஆறு கோப்பைகள், தட்டு எல்லாம் சேர்த்து 4.95 பவுண்டுக்கு விற்பதைச் சொன்னார். எப்படி இந்த விலைக்குக் கட்டுப்படியாகிறது என்று கேட்கிறார்களாம். அது சுத்தக் குப்பை, அதனால்தான் என்று சொல்வாராம். அதோடு விடவில்லை. ஒரு பவுண்டுக்கும் குறைவான தங்கத் தோட்டை எடுத்துக்கொண்டு, இறால் சாண்ட்விச்சைவிட மலிவு, ஆனால் சாண்ட்விச் உழைக்கிற அளவுக்குக்கூட உழைக்காது என்றார். அரங்கம் சிரித்தது.

மறுநாள் பத்திரிகைகளில் அது முதல் பக்கச் செய்தி. சிரித்தவர்கள் யாரும் அவர் கடையில் தோடு வாங்குகிறவர்கள் இல்லை. வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்து படித்தார். தான் ஆசையாகக் கொடுத்த பரிசை, விற்றவனே குப்பை என்கிறான். கடைகள் காற்றாடின. நிறுவனத்தின் மதிப்பில் ஏறக்குறைய 50 கோடி பவுண்டு கரைந்துபோனது. 1992இல் அவர் வெளியேற வேண்டியதாயிற்று. 1993இல் நிறுவனம் குடும்பப் பெயரையே உதறிவிட்டு சிக்னெட் ஆனது.

இதில் எனக்கு உறுத்தும் விஷயம் வேறொன்று. அந்த நகைச்சுவையை அவர் அதற்கு முன்பும் மேடைகளில் சொல்லியிருக்கிறார், கைதட்டல்தான் கிடைத்தது. கைதட்டல் வாங்கியே வளர்ந்த தைரியம் அது. எதிரே இருப்பவர்களை மட்டும் பார்த்தார், அவர்களுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்க்கவில்லை.

இன்னொருவர் இதற்கு மறு எல்லையில், பயத்தில் இருந்தவர். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட். இளைஞராக இருந்தபோது நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வாந்தி வரவழைக்கும். நியூயார்க்கில் டேல் கார்னகி பேச்சுப் பயிற்சிக்கு 100 டாலருக்குக் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து அதை நிறுத்திவைத்தார். ஒமாஹாவுக்குத் திரும்பிய பிறகு மறுபடி அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. இந்தத் தடவை தன்னைத் தானே நம்பாமல் 100 டாலரை ரொக்கமாகக் கட்டினார். முடித்த கையோடு ஒமாஹா பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பு எடுக்கப் போனார். பழகியது விட்டுப்போகக் கூடாது என்று. தன்னைவிட வயதில் பெரியவர்களுக்குப் பாடம். பல்கலைக்கழகப் பட்டங்கள் எதுவும் அவர் அலுவலகச் சுவரில் இல்லை, அந்தப் பயிற்சிச் சான்றிதழ்தான் தொங்குகிறது. துணைவேந்தர் அவர்கள் மன்னிக்க வேண்டும், பட்டமளிப்பு மேடையில் சொல்லக்கூடாத செய்திதான்.

அந்தப் பயந்த மனிதர் பிறகு பங்குதாரர்களுக்கு ஆண்டுக் கடிதம் எழுதியபோது, தன் சகோதரிகள் டோரிஸும் பெர்ட்டியும் எதிரே இருப்பதாக நினைத்து எழுதினார். விவரம் தெரிந்தவர்கள், ஆனால் கணக்குப் புத்தகத்தின் மொழி தெரியாதவர்கள். யாரிடம் பேசுகிறோம் என்ற கேள்விக்கு அவரிடம் இரண்டு பெயர்கள் இருந்தன.

திருக்குறளில் 72ஆவது அதிகாரம் அவையறிதல், 73ஆவது அவையஞ்சாமை. அதிகார வைப்பைப் பற்றிப் புலவர்கள் என்ன சொல்வார்களோ, தொழில் செய்கிற எனக்கு இந்த வரிசை சரியாகப் படுகிறது. நம் ஊரில் நடக்கும் பேச்சுப் பயிற்சிகளில் பாதி, அவையறிதலைத் தாண்டிக் குதித்து அவையஞ்சாமையை மட்டும் சொல்லித்தருகின்றன.

தீபாவளிக்கு முன்னால் ஒரு தொழிற்சாலையின் போனஸ் கூட்டத்தைப் பாருங்கள். ஷெட்டுக்குள் மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் கூடியிருக்கிறார்கள். முதலாளி மைக் பிடித்து நிறுவனம் தொடங்கிய கதை, மூலப்பொருள் விலை, ஜிஎஸ்டி, போட்டி என்று இருபது நிமிடம் பேசுகிறார். ஒரு காதிலும் விழாது. எல்லோரும் ஓர் எண்ணுக்காகக் காத்திருக்கிறார்கள். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகம் போனால் 20. இடையில் எங்கே நிற்கப்போகிறது என்பதில்தான் வீட்டில் ஜவுளி எடுப்பது, போன வருஷக் கடனை அடைப்பது எல்லாம் இருக்கிறது. முதலாளி இழுக்க இழுக்க, பின்வரிசையில் எண் குறைந்துகொண்டே போகும். எண்ணை முதல் வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். குறைவாக இருந்தால் இன்னும் சீக்கிரமாகச் சொல்லுங்கள். அதன் பிறகு காரணம் சொன்னால் சண்டை போடுவதற்காவது கேட்பார்கள்.

டீலர் மீட்டிங்கும் இப்படித்தான். நான் போயிருந்த ஒரு கூட்டத்தில் நாற்பது நிமிடம் ஸ்லைடு ஓடியது. புது லோகோ, இலட்சியம், 2030க்கான கனவு. டீலர்கள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த கேள்விகளே வேறு. கோடையில் லோ வோல்டேஜில் காயில் எரிந்து திரும்பி வந்த மோட்டாருக்கு ரீப்ளேஸ்மென்ட் எப்போது? கிரெடிட் எத்தனை நாள்? தண்ணீர் இல்லாமல் வாடும் பயிரைக் காட்டி விவசாயி திட்டுவது டீலரைத்தான், நம்மை இல்லை. பாக்கியிருக்கும் வாரண்டி கிளெய்ம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கும் முதலாளிக்கு நடுக்கம் இருந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

நடுக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாய் உலர்வதும் நெஞ்சு படபடப்பதும் பழகியவர்களுக்கும் உண்டு. அரங்கத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள், மைக்கைப் பிடித்துப் பாருங்கள், முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். மேடைப் பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் கோவையிலும் சென்னையிலும் இருக்கின்றன. 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் தொடங்கிய அமைப்பு. பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு காட்டி நேரத்தைக் கறாராகப் பார்ப்பார்கள். பேசும்போது எத்தனை தடவை இழுக்கிறோம் என்று எண்ணுவதற்கே ஓர் ஆள் உண்டு. நம்மூர் முதலாளிகளின் ‘வந்து’, ‘அதாவது’, ‘பேசிக்கலி’, ‘என்ன சொல்ல வர்றேன்னா’ எல்லாம் எண்ணி முடிக்க அவருக்கு இன்னொரு நோட்டு வேண்டும். ஆங்கிலம் வரவில்லை என்று வருந்தாதீர்கள். தமிழ் டீலரிடம் ஆங்கிலத்தில் பேசுவதுதான் வருந்த வேண்டியது.

கடைசியாக ஒன்று. பேச்சாளர் மேடையில் சொன்னதைக் கேட்டவர் மறந்துவிடலாம். முதலாளி சொன்னதை மறக்க மாட்டார்கள். உங்கள் வாயிலிருந்து ஒரு தேதி வந்தால் அது வாக்குறுதி. கைதட்டல் சூட்டில் அடுத்த மாதமே அனுப்பிவிடுகிறேன் என்று வாயில் வந்துவிடும். அதனால் நீங்கள் பேசும் கூட்டத்தில் உங்கள் ஆள் ஒருவரை ஓரமாக உட்காரவையுங்கள். யாருக்கு, எதை, எந்தத் தேதிக்குத் தருவதாகச் சொன்னீர்கள் என்று அவர் எழுதிக்கொள்ளட்டும். மறுநாள் காலை அந்தத் தாள் உங்கள் மேசைக்கு வரட்டும். முடியாதது இருந்தால், யாருக்குச் சொன்னீர்களோ அவரை அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். மீதியை முடித்துவிட்டு அடுத்த மேடைக்குப் போகலாம்.