ஆங்கில வகுப்பில் மாணாக்கரை அமர்த்தும் முறை

(நம் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதன் ஒருவனை ஆங்கில வகுப்பைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் பணித்தது உங்களுட் சிலர்க்கு நகைப்பை விளைத்திருக்கும், எனக்கும் விளைத்தது. ஆயினும், இக்கோடை விடுமுறையில் நம் சங்கக் கட்டிடத்தில் மூன்று ஆங்கில வகுப்புக்கள் தொடங்கவிருத்தலானும், எவரை எதில் அமர்த்துவது என்னும் வினா எழுந்துள்ளமையானும், யான் கண்டறிந்த சிலவற்றைக் கூறத் துணிந்தேன். தொடக்க நிலையினரைப் பற்றிக் கவலையில்லை. அவர் இன்னாரென்பது அரை நாழிகையிற் புலப்பட்டுவிடும். இடர்ப்பாடெல்லாம் ஓரளவு முன்னேறியவரிடத்தேதான்.

சில ஆண்டுகட்கு முன் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, தமிழ்வழியிற் கற்றுத் தேறிக் கலாசாலை ஒன்றிற் சேர்ந்தாள். நாள்தோறும் நூல்நிலையத்தில் ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கத்தைப் படித்துப் பொருள் எழுதி வைக்கும் வழக்கமுடையவள். ஆனால் அம்மொழியில் அவளோடு உரையாட வீட்டிலும் ஊரிலும் ஒருவருமிலர். கலாசாலையில் முதல்நாள் ஒவ்வொருவரையும் எழுப்பி இரண்டு நிமிஷம் வினாவினார்கள். அவள் நாவெழாது நின்றாள். கடைசிப் பிரிவில் அமர்த்தினார்கள். அதே நாளில், சரளமாகப் பேசிய மாணவன் ஒருவன் முதற்பிரிவு எய்தினான். ஒரு பக்கம் பிழையின்றி எழுத அவனுக்கு வாராதென்பதைப் பார்ப்பாரில்லை.

ஒரு திங்கள் கழித்து அம்மாணவி என் வீட்டிற்கு வந்து, “ஐயா, ஏழாம் வகுப்பில் நீங்கள் எல்லாரும் சொல்லிக் கொடுத்ததையே மறுபடி சொல்லிக் கொடுக்கிறார்கள்” என்று கண்ணீர் உகுத்தாள். யான் என்ன கூறினேன் தெரியுமா? “மதிப்பெண் எளிதாக வரும், அம்மா, பேசாமல் இரு” என்றேன். மதிப்பெண் வந்தது. மறு ஆண்டிற் பிரிவுகளை ஒன்றாக்கியபோது, ஓராண்டு முழுதும் கட்டுரையும் அறிக்கையும் எழுதிப் பழகியவரோடு அவளால் ஒப்ப நடக்க இயலவில்லை. தான் விரும்பியிருந்த மேற்படிப்பைக் கைவிட்டு வேறொன்றிற் சேர்ந்தாள். பிரிவு வகுத்தோர் செய்த பிழை ஒன்று. மாற்றித் தருமாறு கேட்கச் சொல்லாத என் பிழை மற்றொன்று.

இப்பிழை நேர்வதன் காரணம் யாது? பேச்சு வன்மையும் கல்வி வன்மையும் ஒன்றென எண்ணுவதே. கனடா நாட்டில் வந்து குடியேறினோர் மக்களை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்னும் பேராசிரியர் 1979இலேயே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். விளையாட்டு வெளியிற் பேசும் மொழி ஏறக்குறைய 2 ஆண்டுகளில் வந்துவிடும். பாடநூலைக் கற்று எழுதும் மொழிக்கு 5 முதல் 7 ஆண்டுகள் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. அங்கே பேச்சு முந்துகிறது, எழுத்துப் பிந்துகிறது. நம் தமிழ்வழிப் பிள்ளைகளிடத்து இதன் தலைகீழ் நிலையைக் காண்கிறோம்.

ஒற்றை எண்ணை நம்புவதும் தீங்கே. வெளிநாடு செல்வோர் எழுதும் ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கிற்கும் தனித்தனியே 9 வரை அளவிடுவர். ஒருவர் படித்தலில் 8, கேட்டலில் 8, எழுதுதலில் 6, பேசுதலில் 5 பெற்றால் சராசரி 6.75, அதனை 7 என்று முழுதாக்குவர். அந்த 7ஐ மட்டும் பார்த்து வகுப்பில் அமர்த்தும் ஆசிரியர், அதனுள் ஒளிந்திருக்கும் 5ஐ எங்ஙனம் அறிவார்? ஐரோப்பியப் பேரவை 2001இல் வெளியிட்ட ஆறு படிகளையுடைய அளவுகோலோ, ஒவ்வொரு படியிலும் ஒருவர் எதைச் செய்ய வல்லர் என்பதைத் திறன்தோறும் தனித்தனி உரைக்கின்றது. ஒருவரே படித்தலில் ஐந்தாம் படியிலும் பேசுதலில் மூன்றாம் படியிலும் நிற்றல் கூடும் என்பதற்கு அதில் இடமுண்டு.

நம் பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என வகுத்தது நீங்கள் அறிந்ததே. அவர் வகுத்தது கொள்ளும் இயல்பை. கற்று நிற்கும் படியை அன்று. கடைசிப் பிரிவிற் கண்டவனையெல்லாம் எருமையென்று கருதும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை மறந்தவராவர்.

இனி, நாம் செய்யத்தக்கது. 10ஆம் வகுப்பினர் ஓரறை, 12ஆம் வகுப்பினர் ஓரறை என்னும் இப்போதைய ஏற்பாட்டை விட்டுவிடுக. ஒரு பத்தியில் ஏழாவது சொல்தோறும் நீக்கிக் கோடிட்டு நிரப்பச் சொல்லலாம். டெய்லர் என்பவர் 1953இல் நூல்களின் எளிமை அருமையை அளக்கக் கண்ட இம்முறை பின்னர் மொழித்திறனை அளக்கவும் பயன்பட்டது. செல்லரித்த ஏட்டில் விடுபட்ட சொல்லை முன்பின் நோக்கி உய்த்துணர்வது போன்றது அது. அதனோடு, சொல்லக் கேட்டெழுதுதல் சில வரி, தாமே எழுதுதல் ஒரு பக்கம். பேச்சை மட்டும் முதல்நாளில் அளக்க வேண்டா. அச்சம் தெளிந்தபின், அவரவர் அறிந்த பொருளைப் பற்றிக் கால்மணி நேரம் பேசச் செய்து காண்க. எழுத்தில் மேலும் பேச்சில் கீழும் நிற்பாரை மேல் வகுப்பிலேயே அமர்த்தி, மாலையிற் பேச்சுப் பயிற்சி தனியே தருக.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். “எதிர்வீட்டுப் பையன் முதல் வகுப்பில் இருக்கிறான், என் பையன் ஏன் இல்லை?” என்று காரியதரிசியிடம் வாதிட வாராதீர்கள். வாதம் எழாதிருக்கவே, வகுப்புகளுக்கு எண்ணிடாமல் முல்லை, மருதம், நெய்தல் எனப் பெயரிடலாம் என்பது என் கருத்து. ஆனால் பிள்ளை வீட்டிற்கு வந்து, “தெரிந்ததையே சொல்லிக் கொடுக்கிறார்கள்” என்றாலோ, “ஒன்றும் விளங்கவில்லை” என்றாலோ, அன்றே வந்து சொல்லுங்கள். முதல் இரண்டு வாரத்திற்குள் எவரையும் இடம் மாற்ற ஆசிரியர்க்கு உரிமை அளிக்குமாறு நிர்வாக சபையைக் கேட்டுக்கொள்கிறேன். பரீட்சைத்தாள்களைத் திருத்த ஆங்கில ஆசிரியர் இருவர் இசைந்துள்ளனர். கேட்டெழுதும் பகுதிக்குக் காகிதம் வழங்கி மேற்பார்வை செய்ய யானும் வருகிறேன்.