கால் கழுவிய தண்ணீர்



"வழிபாட்டுக்கு முக்கியம் மனமா, சடங்கா?" என்ற தலைப்பில் என் பங்குக்கு வந்தது சடங்கு. எதிரணிச் சகோதரி பேசும்போது, மனம்தான் தேங்காய், சடங்கு வெறும் மட்டை என்றார். அம்மா, மட்டை இல்லாத தேங்காய் மரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆகும்? சட்னிதான்! (சிரிப்பு)

எங்கள் ஊர் பனங்காட்டு ஊர். அப்பா பனையேறி. ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால் வருவது பெரிய வியாழன். இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, அன்றைய பூசையில் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார். ஒரு வருஷம் அப்பாவைக் கூப்பிட்டார்கள். மத்தியானமே கிணற்றடியில் உட்கார்ந்து, தேங்காய் நாரை வைத்துக் காலைத் தேய் தேய் என்று தேய்க்கிறார். "அங்கதான் கழுவப் போறாங்களே, ஏம்ப்பா இப்பவே கழுவுதிய?" என்றேன். "போலே, சாமி தொடுத காலுல்லா!" என்றார். (சிரிப்பு)

எவ்வளவு தேய்த்தும் தளைநார் அறுத்த தழும்பு போகவில்லை. சாமியார் முழங்காலிட்டார். தண்ணீர் ஊற்றினார். துண்டால் துடைத்தார். அந்தத் தழும்பிலேயே முத்தமிட்டார். அப்பாவை 'வாலே, போலே' என்றே கூப்பிட்டுப் பழகிய ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். (கைதட்டல்)

அன்றைக்குச் சாமியாரின் மனம் எப்படி இருந்ததோ, யார் கண்டது? தலைவலியாகக்கூட இருந்திருக்கலாம். மனம் வரட்டும் என்று காத்திருந்தால், எங்கப்பா காலை எவன் தொட்டிருப்பான்? சடங்குதான் ஐயா அவரைக் குனிய வைத்தது!

சடங்கிலும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். பன்னிரண்டு பேரும் ஆண்களாகவே இருக்க வேண்டும் என்பது அப்போது விதி. 2013இல் போப் பிரான்சிஸ் ரோமில் சிறையிலிருந்த இளைஞர்களின் காலைக் கழுவினார். அதில் இரண்டு பேர் பெண்கள். 2016 ஜனவரியில் விதியையே மாற்றிவிட்டார். அந்த வருஷம் எங்கள் ஊரில் அம்மாவைக் கூப்பிட்டார்கள். "சாமி என் காலைத் தொடுததா? பாவம் வந்து சேரும்" என்று அம்மா வர மறுத்துவிட்டார்கள்.

பிறகு 2020. கொரோனா. கோயில் கதவெல்லாம் பூட்டு. அந்த வருஷம் கால் கழுவுவது வேண்டாம், ஈஸ்டர் இரவில் புதுத்தீ மூட்டுவதும் வேண்டாம் என்று ரோமிலிருந்தே உத்தரவு. வீட்டில் எங்களுக்கு மனம் இருந்தது. டிவியில் பூசையும் இருந்தது. சகோதரி கணக்குப்படி அது போதும். ஆனால் அம்மா டிவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னிக்குக் கால் கழுவலையா?" என்று கேட்டார்கள்.

எழுந்து போய் ஒரு தாம்பாளமும் செம்பு நிறையத் தண்ணீரும் கொண்டுவந்தேன். முனைவர் பட்டம் வாங்கியவன். தாய்ப்பாசம் பற்றி இதே மாதிரி மேடைகளில் எத்தனையோ முறை கைதட்டல் வாங்கியவன். ஆனால் அதுவரை அம்மா காலை நான் தொட்டதில்லை. எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை, கை நடுங்கியது. அன்றைக்கு அப்பா காலைச் சாமியார் பிடித்ததை நினைத்துக்கொண்டேன். முதலில் முழங்கால், பிறகு தண்ணீர், பிறகு துண்டு. அந்த வரிசையிலேயே செய்தேன்.

அம்மா காலை இழுத்துக்கொள்ளவில்லை. "தண்ணி குளிருதுலே" என்றார்கள், அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, உட்காருகிறேன். (கைதட்டல்)