கடை போடுமுன் ஊர்ச் சாப்பாட்டைப் படியுங்கள்

(சுயதொழில் தொடங்க விரும்பும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



தோட்டத்தில் வேலை முடிந்து சேமலாப நிதி கைக்கு வந்ததும் நம்ம வீடுகளில் முதலில் வரும் பேச்சு, "ஒரு சாப்பாட்டுக் கடை போடலாமா?" என்பதுதான். சிலர் தோட்டத்து ரோட்டோரம் போடுவோம் என்கிறார்கள். சிலர் வன்னியில் சொந்தக்காரர் இருக்கிறார்கள், அங்கேயே போய்ப் போடுவோம் என்கிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் அது முப்பது வருசம் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்துச் சேர்த்த காசு. ஒருமுறை போனால் திரும்பி வராது. ஆகவே ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. என்ன சமைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், யார் சாப்பிடப் போகிறார்கள் என்று யோசியுங்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இது ஒன்றைத்தான்.

உதாரணத்துக்குத் தர்மபுரத்தை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் இருக்கும் ஊர். உங்களில் சிலருக்கு அங்கே உறவு இருக்கும். 1970களில் தோட்டங்களில் பஞ்சம் வந்தபோதும், 1977 கலவரத்துக்குப் பிறகும் மலையகத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வன்னிக்குப் போயின. நம்ம சனம் போய்க் குடியேறிய ஊர்களில் தர்மபுரமும் ஒன்று. யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கிய குடும்பங்களும் அந்தப் பகுதியில் இருக்கின்றன. 2009 இல் போரின்போது எல்லோரும் இடம்பெயர்ந்து, பிறகு திரும்பி வந்து, மறுபடி அடுப்பு மூட்டினார்கள்.

பேசுவது ஒரே தமிழ். கும்பிடும் சாமியும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் சட்டிக்குள் இருப்பது வேறு!

கோதுமை மாவையே பாருங்கள். நம்ம லயங்களில் அதைப் பிசைந்து ரொட்டி தட்டுவோம், சம்பலோடு கட்டிக்கொண்டு மலைக்குப் போவோம். யாழ்ப்பாணத்து வழக்கமுள்ள வீடுகளில் அதே மாவை அவித்து, அரித்து, புட்டும் இடியப்பமும் அவிப்பார்கள். அரிசி மா என்றால் வறுத்து எடுப்பார்கள். பக்கத்தில் சொதி இருக்க வேண்டும். கறிக்கு வறுத்து இடித்த மிளகாய்த்தூள் போடவேண்டும். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் கூழ் காய்ச்சுவார்கள். அதற்குள் மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போகும். இதையெல்லாம் அறியாமல் ஒருவர் ரொட்டியை மட்டும் அடுக்கி வைத்தால், ஊரில் பாதிப்பேர் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ருசி குறைவு என்பதால் இல்லை, இராச்சாப்பாட்டுக்கு அவர்கள் தேடுவது அது இல்லை.

அப்படியானால் நம்ம ருசியை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். அந்த ஊரிலேயே தேங்காய் ரொட்டிக்கும் நல்ல தேத்தண்ணிக்கும் ஆசைப்படும் மலையகக் குடும்பங்கள் உண்டு. எந்தத் தூளில் சாயம் இறங்கும், எது மணக்கும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? அது நம்ம பலம். ரொட்டியும் இருக்கட்டும், அதன் பக்கத்தில் புட்டும் இருக்கட்டும். புட்டு அவிக்கும் பக்குவத்தை அந்த ஊர் அம்மா ஒருவரிடமே கேட்டுப் பழகுங்கள்.

அடுத்தது நாள். வெள்ளிக்கிழமையில் பல சைவ வீடுகளில் மச்சம் இல்லை. கந்தசட்டி ஆறு நாளும், நவராத்திரி ஒன்பது நாளும் அப்படித்தான். பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கல், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் என்று ஊரே விரதம் பிடிக்கும் காலம் வரும். தவக்காலத்தில் மச்சத்தைத் தவிர்க்கும் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. அந்த நாட்களில் இறைச்சிக் கறி வைத்தால் மிஞ்சும். மரக்கறிச் சாப்பாடு வைத்தால் விற்கும். இன்னொன்று, மச்சம் சமைத்த சட்டியில் வடை சுடாதீர்கள். ஒருவர் கண்டுவிட்டால் ஊர் முழுக்கக் கதை போய்விடும். சட்டி, கரண்டி, எண்ணெய் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும்.

மூன்றாவது காசு. தோட்டத்தில் சம்பள நாள் பார்த்துக் கடை நடக்கும். நெல் விளையும் ஊரில் அப்படி இல்லை. காலபோகம் அறுவடையாகும் தை, மாசி, பங்குனியில் கையில் காசு புழங்கும். விதைக்கும் காலத்தில் எல்லாம் உரத்துக்கும் உழவுக்கும் போயிருக்கும். அப்போது "அறுவடைக்குத் தாறன்" என்று கொப்பி நீட்டுவார்கள். முழுதாக மறுத்தால் ஆள் வராது, முழுதாகக் கொடுத்தால் கடை இராது. ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று முதலிலேயே வரம்பு போடுங்கள்.

பெரிய கம்பனிகளும் இந்தப் பாடத்தைப் படித்திருக்கின்றன. கெலொக்ஸ் கம்பனி 1994 இல் இந்தியாவுக்குக் கோர்ன் பிளேக்ஸ் கொண்டுவந்தது. அங்கே பல வீடுகளில் பாலைச் சூடாக்கித்தான் குடிப்பார்கள். மொறுமொறுவென்று இருக்கவேண்டியது சூட்டில் ஊறிக் கூழானது. தொடக்கத்தில் எதிர்பார்த்த விற்பனை கிடைக்கவில்லை. 1996 இல் டெல்லியில் கடை திறந்த மக்டொனால்ட்ஸ், மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இல்லாமலே தொடங்கியது. சைவத்துக்குச் சமையலிடத்தையே தனியாகப் பிரித்தது. உலகம் முழுக்க மாட்டிறைச்சியில் வியாபாரம் செய்த கம்பனியே ஊருக்கு ஏற்ப மாறுகிறது என்றால், நாம் மாறுவதில் என்ன வெட்கம்? நம்ம நாட்டு வடக்கிலும் போருக்குப் பிறகு பெண்கள் நடத்தும் 'அம்மாச்சி' உணவகங்கள் வந்தன. ஊர்ச் சாப்பாட்டைக் கண்ணுக்கு முன்னால் சமைத்துக் கொடுப்பதுதான் அவற்றின் சிறப்பு.

சரி, எப்படி அறிந்துகொள்வது? கடைக்கு முற்பணம் கட்டுமுன் ஒரு கிழமை அந்த ஊரில் தங்குங்கள். விடிய எத்தனை பேர் கூலி வேலைக்குப் போகிறார்கள், பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் என்ன வாங்குகிறார்கள், பின்னேரம் வீட்டுக்குப் பார்சல் கட்டுவோர் யார் என்று பாருங்கள். நாலு வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு வீட்டிலேயே கொஞ்சமாகச் செய்து விற்றுப் பாருங்கள். மிஞ்சியதை ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். 20 பார்சல் கட்டுகிறீர்கள், ஒன்றுக்குச் செலவு 100 ரூபா, விலை 125 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு மொத்தம் 2,000. நாலு பார்சல் மிஞ்சி 16 விற்றால் வரவும் 2,000 தான். நாள் முழுக்க நெருப்பில் நின்றதற்குக் கூலி இல்லை! அந்த நாலு பார்சல் ஏன் மிஞ்சியது என்று கேட்டவர்தான் அடுத்த நாள் பிழைப்பார்.

பிரதேச சபை அனுமதியையும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வதையும் மறந்துவிடாதீர்கள்.

தாய்மார்களே, வீட்டில் யாருக்கு உறைப்பு ஆகாது, யாருக்கு எந்த நாள் விரதம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அக்கறையைத்தான் வியாபாரத்திலும் காட்டச் சொல்கிறேன். நீங்கள் கடை போடப்போகும் ஊரில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று இந்தக் கிழமையே நாலு பேரிடம் கேட்டு எழுதி வையுங்கள். காசை எடுப்பது அதற்குப் பிறகு.