திரைக்குப் பின்னால் அமர்ந்த மாணவி



பட்டமளிப்பு மேடையில் ஏறுகிறவர்கள் துன்பத்தைப் புகழ்வது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. கஷ்டமே மனிதனைப் புடம்போடுகிறது என்று கேட்டுக் கேட்டு, கஷ்டம் கொடுத்தவர்களுக்கே நாம் கடன்பட்டிருக்கிறோமோ என்ற மயக்கம்கூட நமக்கு உண்டாகிவிடுகிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. ஏன் என்பதற்கு, பின்னாளில் மருத்துவரான ஒரு பெண்ணின் வாழ்க்கையே சாட்சி.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, மெட்ரிகுலேஷன் தேறி அவ்வூர் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, பெண் ஒருத்தி வந்தால் பையன்களின் ஒழுக்கம் குலையும் என்றும், தாயார் சந்திரம்மாள் தேவதாசி குலத்தவர் என்றும் ஆட்சேபங்கள் கிளம்பின. அவற்றைப் பொருட்படுத்தாமல் மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி அளித்தார். ஆனாலும், மூடுவண்டியில் வந்து இறங்கிய அந்தப் பெண், ஆசிரியர் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி கட்டிய திரைக்குப் பின்னால் அமர்ந்தே பாடம் கேட்க வேண்டியிருந்தது. வகுப்பு முடிந்து அவர் வெளியேறிய பிறகுதான் மாணவர்கள் எழுந்து போகலாம். அந்தத் திரை அவருக்கு எதைக் கற்றுக் கொடுத்தது? பாடம் கற்பித்தவர் ஆசிரியர். திரை மறைத்தது, அவ்வளவுதான். அவருடைய வைராக்கியம் திரை தந்த வரம் அன்று, திரை இருந்தும் குன்றாத சுபாவம். மன்னரின் ஒரு கையெழுத்து இல்லையென்றால் அந்த வைராக்கியமும் வீட்டுத் திண்ணையோடு நின்றிருக்கும் என்பதையும் நாம் மறக்கலாகாது.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் மருத்துவரானார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கம் ஆறாமல், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றக் காரணமானார். ஆதரவற்ற பெண்களுக்கு ஔவை இல்லம் கண்டார். தாம் பட்ட அவமானத்தைப் பிறருக்குத் திருப்பிக் கொடுக்கும் மனிதர்களை நாம் தினந்தோறும் பார்க்கிறோமாதலால், தாம் பட்ட துன்பத்தைப் பிறர் படாமல் காக்க முனைந்த இந்த ஒரு குணமே எனக்கு மற்றெல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுகிறது.

மருத்துவமனைக்கு வெகு முன்பே, சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராக வீற்றிருந்த அவர், தேவதாசி முறையை ஒழிக்கும் முயற்சியைத் தொடங்கினார். காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930-இல் பதவியைத் துறந்தார். தேவதாசி முறைக்கு எதிரான முழுமையான சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. அம்முயற்சியைச் சாஸ்திரமும் சம்பிரதாயமும் பேசி எதிர்த்தவர்களில், இன்று நீங்கள் பெறும் பட்டம் போன்ற பட்டங்களைப் பெற்றவர்களும் இருந்தார்கள் என்பதை இந்த மண்டபத்தில் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.