கேம் கண்ட்ரோலரைத் தூக்கிப் போடும் முன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



“ஏதாவது பயனுள்ளதாப் பேசுங்க சார்” என்று செயலாளர் சொன்னார். வட்டி, வைப்புநிதி பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது பிள்ளைகள் கையில் இருக்கும் கேம் கண்ட்ரோலரைப் பற்றி. சிரிக்காதீர்கள். சில மாடல்கள் புதிதாக வாங்கினால் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது.

போன ஆடித்தபசு விடுமுறையில் என் பேரன் ஆட்டத்தில் தோற்றுவிட்டு வந்தான். “தாத்தா, நான் தொடவே இல்ல, அது தானா நடக்கு” என்றான். “ஏலே, கீழ போட்டு உடைச்சிட்டுக் கதை சொல்லாத” என்று திட்டிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. கண்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். திரையில் இருந்த ஆள் தானாகவே நடந்து போய்ச் சுவரில் முட்டினான்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. வங்கியில் சாயந்தரம் கணக்கு நேராகவில்லை என்றால் ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன் பேரேட்டைப் பார்ப்போம். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் யாரோ 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருப்பார்களோ என்று தேடுவோம். வீட்டில் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

காரணம் எளிது. பழைய ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருகினால் கரகரக்கும், நினைவிருக்கிறதா? உள்ளே கரித்தடம் ஒன்றின்மேல் ஓர் உலோக முனை உரசி ஓடும். கண்ட்ரோலர் குச்சியின் அடியிலும் அதேதான். இட வலத்துக்கு ஒன்று, மேல் கீழுக்கு ஒன்று. தூசி சேர்ந்தாலோ தடம் தேய்ந்தாலோ, குச்சி நடுவில் நின்றாலும் சாய்ந்திருப்பதாகக் கணக்குக் காட்டும். இதை ‘டிரிஃப்ட்’ என்கிறார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை, உரசுகிற பொருள் தேயத்தான் செய்யும்.

இனி, நீங்கள் செய்ய வேண்டியது.

வாரண்டி இருந்தால் பிரிக்கவே வேண்டாம், சர்வீஸ் சென்டருக்குக் கொடுங்கள். வாரண்டி முடிந்திருந்தால் முதலில் ஸ்க்ரூவைப் பாருங்கள். பிளேஸ்டேஷனில் சாதாரணக் கூட்டல் குறித் திருப்புளி போதும். எக்ஸ்பாக்ஸுக்கு நட்சத்திர முனை வேண்டும், நிண்டெண்டோ ஜாய்கானுக்கு மூன்று முனை வேண்டும். கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு தாளில் அதே வரிசையில் ஒட்டி வையுங்கள். மூடியைப் பிளக்கப் பழைய ஏடிஎம் கார்டு போதும். மெதுவாகத் திறங்கள். இரண்டு பாதியையும் மெல்லிய பட்டை வயர் இணைத்திருக்கும். முதல் தடவை அவசரப்பட்டு அதைக் கிழித்துவிட்டேன், அதற்குத் தனிச் செலவு ஆனது. திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது.

பட்டன் வேலை செய்யவில்லை என்றால், அடியில் உள்ள ரப்பர் விரிப்பின் கரும்புள்ளிகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். போர்டில் அது படும் இடத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். செல்போன் சர்வீஸ் கடையில் ‘ஐபிஏ’ என்று கேட்டால் தெரியும். சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும், பிசுபிசுக்கும்.

குச்சிக்கும் ஒரு சொட்டு விட்டு, சுற்றிச் சுற்றி ஆட்டி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். தூசிதான் காரணம் என்றால் சரியாகிவிடும். சில நாளில் தொல்லை திரும்பினால் தடமே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது குச்சிப் பாகத்தையே மாற்ற வேண்டும். பத்துக்கும் மேற்பட்ட இடத்தில் ஈயப் பற்று இருக்கும். என் கை நடுங்கும், அதனால் செல்போன் சர்வீஸ் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். மாற்றும்போது ‘ஹால்’ வகை பொருந்துமா என்று கேளுங்கள். எட்வின் ஹால் 1879-ல் கண்டறிந்த தத்துவம் அது. காந்தத்தை வைத்து அளப்பதால் உரசல் இல்லை. 1998-ல் வந்த செகா டிரீம்காஸ்டிலேயே இந்த முறை இருந்தது.

ஒரு எச்சரிக்கை. பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். நம் மாடிப்படிக் குப்பைத் தொட்டியில் போடவே கூடாது. லித்தியம் தீப்பிடித்தால் ஒரு வீட்டோடு நிற்காது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின் பட்டியலில் வீடியோ கேம் கருவிகளும் உண்டு. பேட்டரிகளுக்குத் தனி விதி 2022-லேயே வந்துவிட்டது. ஆகவே சங்க அலுவலகத்தில் மின்கழிவுக்கென்று ஒரு பெட்டி வைத்து, சேர்ந்ததை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கலாம் என்பது என் வேண்டுகோள். என்னிடம் உள்ள திருப்புளிகளையும் அங்கேயே வைத்துவிடுகிறேன், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

கண்ட்ரோலர் சரியான அன்று பேரனிடம், “தாத்தா மேலதான் தப்புப்பா” என்றேன். “பரவால்ல தாத்தா, வாங்க வெளாடுவோம்” என்றான். மூன்று ஆட்டம் ஆடினோம். மூன்றிலும் தோற்றேன். கண்ட்ரோலர் மேல் பழி போட வழியில்லை.